'இதர செலவு' என்கிற பொந்து

காலையில் நாலரைக்கு எழு, பச்சைத் தண்ணியில் குளி, பத்துப் பக்கம் படி என்று சுய ஒழுக்கம் சொல்லித்தரும் பதிவுகள் தினமும் கண்ணில் படுகின்றன. மதுரையில் ராத்திரி ஒரு மணிக்குத் தோசைக்கல்லைத் துடைத்துக் கவிழ்க்கிற ஆளிடம் போய் இதைச் சொன்னால் அந்தக் கல்லாலேயே ஒன்று விழும். அவருடைய ஒழுக்கம் கடை அடைக்கும்போது கல்லாவை எண்ணுகிற பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் இருக்கிறது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், காசு குறையும்போது அந்தக் குறைவை எந்த வரியில் எழுதுகிறார் என்பதில்.

ஒரு சின்ன இட்லிக் கடையின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் கல்லாவில் சில்லறையாகப் போட்ட ஆரம்ப இருப்பு 2,000. அன்றைய விற்பனை 9,460. அதில் ஜிபே, போன்பே வழியாக வந்தது 4,150. பற்று எழுதிக்கொண்டு போனவர்கள் 310. மிச்சம் ரொக்கம் 5,000. கல்லாவிலிருந்து வெளியே போனது காய்கறி 540, தேங்காய் 340, இலை 260, பையன் சம்பளம் 600, வீட்டுக்கு 700, ஆக 2,440. கல்லாவில் 4,560 இருக்க வேண்டும். எண்ணினால் ஐந்நூறு ரூபாய் நோட்டு நாலு, இருநூறு அஞ்சு, நூறு ஒன்பது, ஐம்பது ஆறு, இருபது ஏழு, பத்து ஆறு, காசு 20. மொத்தம் 4,420.

140 ரூபாய் இல்லை. உடம்பு அலுத்துக் கிடக்கிறது. பேனா தன்னாலேயே 'இதர செலவு 140' என்று எழுதும். கணக்கு நேராகிவிடும், தூக்கமும் வரும்.

இந்த இடத்தில்தான் ஆள் சறுக்குகிறார் என்பேன். யாரையும் ஏமாற்றவில்லை, தன் கடை, தன் காசு என்று தோன்றும். ஆனால் 140 எங்கே போனது என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை, அவருக்கும்கூட. தினம் 140 என்றால் மாசம் 4,200. எழுத வேண்டிய சொல் 'குறைவு 140'. சிவப்பு மையில், தனி வரியில். 'இதர' என்ற வரியே நோட்டில் இருக்கக் கூடாது. டீ என்றால் டீ, கோயில் உண்டியல் என்றால் உண்டியல், போலீஸ்காரருக்குப் பொட்டலம் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

குறைவைக் குறைவென்று ஏழு நாள் எழுதினால் நோட்டு பேச ஆரம்பிக்கும். 7, 13, 18 என்று உதிரியாகக் குறைந்தால் கூட்ட நேரத்தில் மீதி கொடுப்பதில் கை தவறுகிறது. 100, 200, 500 என்று முழுசாகக் குறைந்தால் யாரோ எழுதாமல் எடுத்திருக்கிறார்கள்; பாதி நேரம் அந்த யாரோ முதலாளியேதான். ஒரு நாள் குறைந்த அதே தொகை மறுநாள் கூடுதலாக நின்றால் அன்றன்றைய கணக்கை முடிக்கிற நேரத்தில் குழப்பம். அடிக்கடி கூடுதல் மட்டுமே வந்தால் சந்தோஷப்படாதீர்கள், பழைய பாக்கி வசூலைப் பற்று நோட்டில் கழிக்காமல் விட்டிருப்பீர்கள். அந்த வாடிக்கையாளரிடம் அதே பாக்கியை இரண்டாம் தடவை கேட்டு நிற்கப் போகிறீர்கள். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் (90, 180, 270) முதலில் இலக்கம் மாறியிருக்கிறதா பாருங்கள். 540ஐ 450 என்று எழுதினால் சரியாக 90 உதைக்கும்.

எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கல்லாவை எண்ணித் தொகையை எழுதிவிட்டு, அப்புறம்தான் வரவு செலவைக் கூட்ட வேண்டும். வர வேண்டிய தொகை முன்கூட்டியே தெரிந்தால் விரல் அந்தத் தொகையைத் தேடிப் போகும், ஒட்டிக்கிடந்த இரண்டு நோட்டு ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். கெட்ட எண்ணமே வேண்டியதில்லை, அலுப்பு ஒன்று போதும். பென்சில் வேண்டாம், வெள்ளை மை வேண்டவே வேண்டாம். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். அடித்தது படிக்கிற மாதிரி இருக்கட்டும்.

தூங்கா நகரத்துக் கடைகளுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ராத்திரி 1:15க்கு அடைக்கிற கடைக்கு 'இன்று' 1:15 வரை ஓடுகிறது. போனில் தேதி 12 மணிக்கே மாறிவிடும். அந்த ஒன்றேகால் மணி நேரப் பண வரவு மறுநாள் கணக்கில் போய் உட்காரும். கல்லா ஒன்று சொல்லும், போன் ஒன்று சொல்லும், கடைசியில் பழி பையன் தலையில் விழும். கடை அடைக்கும்போது 12 மணிக்கு மேல் போனில் வந்ததை மட்டும் கூட்டிப் பக்கத்தின் மூலையில் எழுதுங்கள். அதை இன்றைக்குச் சேர்த்து, நாளைய மொத்தத்தில் கழித்துவிடுங்கள். கடைக்கு ஒரு கியூஆர், மகன் போன் நம்பருக்கு ஒன்று என்று இரண்டு அட்டை தொங்கவிட்டிருந்தால் இதெல்லாம் வீண். மகனுடையதை இன்றைக்கே கழற்றுங்கள்.

வீட்டுக்கு எடுக்கிற காசு பற்றி எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. தினம் இவ்வளவு என்று ஒரு தொகை வைத்து அதைச் சம்பளம் போல எழுதி எடுக்க வேண்டும். அதற்கு மேல் பேத்திக்கு ஐஸ் வாங்க இருபது ரூபாய் எடுத்தாலும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கம்பியில் குத்த வேண்டும். முதலாளி எழுதாமல் எடுப்பதைப் பையன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். நாளைக்கு அவன் எடுத்தால் கேட்க வாய் வராது.

பொந்து பெரிதானால் அடுத்து வருவது தண்டல்காரர். பெரும்பாலும் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் வருவார். திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஊரே நிறையும்போது சரக்குப் போடக் கையில் முதல் இருக்காது. 10,000 என்று பேசி 9,000 கையில் தருவார். தினம் நூறு, நூறு நாள். 'ஆயிரம்தானே வட்டி' என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதையும் சேர்த்துப் போட்டால் வருஷத்துக்கு 75 சதவீதத்துக்கு மேல் போகிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. சட்டம் ஒரு பக்கம், தண்டல் நோட்டு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நூறு ரூபாய்த் தவணையைவிடக் கூடுதலாக அதே கல்லாவிலிருந்து தினமும் 140 பேர் தெரியாமல் போய்க்கொண்டிருந்ததே, அதுதான் வயிற்றெரிச்சல்.

எண்ணாமல் விட்ட நாள் வரத்தான் செய்யும். சாவு வீடு, காய்ச்சல், மழை. மறுநாள் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து அந்தப் பக்கத்தை நிரப்பாதீர்கள். தேதி போட்டு 'எண்ணவில்லை' என்று ஒரு வார்த்தை எழுதிப் பக்கத்தை அப்படியே விடுங்கள். அடுத்த பக்கத்தில், கல்லாவில் அப்போது கையால் எண்ணிய தொகைதான் ஆரம்ப இருப்பு.