மைனர் மனசு வைத்தால்தான் பணம்

நேற்று சாயங்காலம் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மச்சினன் ஒரு வார்த்தை சொன்னான். "இன்னும் நாலு பேரு மிஷின் வாங்கிப் போட்டாப் போதும் அத்தான், பிட்காயின் நெட்வொர்க்கு பிச்சிக்கிட்டு ஓடும்லா." கடித்த வடை தொண்டையில் நின்றது. கடைக்காரர் முன்னால் கத்த வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் இங்கே கத்துகிறேன்.

ஓடாதுடே. பிட்காயின் பரிமாற்றங்களைச் சரிபார்த்து, பிளாக் பிளாக்காகக் கட்டிப் பொதுக்கணக்கில் ஏற்றுகிறவர்களுக்குத்தான் மைனர் என்று பேர். அந்த வேலைக்கு ஓட்டுகிற கம்ப்யூட்டர்தான் மச்சினன் சொன்ன மிஷின். நாலு பேர் என்ன, நாலு லட்சம் பேர் மிஷின் போட்டாலும் ஓடாது. ஓடக் கூடாது என்றுதான் அதைச் செய்தே வைத்திருக்கிறார்கள்.

இது எனக்குப் படித்துத் தெரிந்ததில்லை, பட்டுத் தெரிந்தது. பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு லோகோ வரைந்து பிழைக்கிறவன் நான். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வேலைக்கு 40 டாலர் கணக்கில் பிட்காயினாக அனுப்புவார். இவ்வளவு சின்னத் தொகையை பேங்க் வழியாக வாங்கினால் கட்டணத்திலேயே பெரும் பங்கு கரைந்துவிடும், அதனால் நான்தான் சரி என்றேன். பதினாலு வேலை, பதினாலு தடவை வந்த பணம், மொத்தம் 0.009 பிட்காயின். 2024 ஏப்ரல் விலைக்கு ஏறக்குறைய 48,000 ரூபாய்.

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். டவுனில் கீழ ரத வீதியில் கம்மலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பாக்கி 40,000. வெள்ளிக்கிழமை தேர்தல். காலையில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, ராத்திரி சாவகாசமாக மை வைத்த விரலாலேயே பிட்காயின் வாலட்டைத் திறந்து, பிட்காயினை விற்று ரூபாயாக்குகிற எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினேன். கட்டணமாக 1,600 ரூபாய் போல வைத்தேன். கொஞ்சம் அதிகமாகத்தான் வைக்கிறோமோ என்று வேறு யோசித்தேன். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மறுநாள் விடிகாலை ஐந்தரை மணி தாண்டி 8,40,000-ஆவது பிளாக் வந்தது. பிளாக் கட்டியதற்காக மைனர்களுக்குப் புதுப் பிட்காயினாகக் கிடைக்கிற கூலியை ஏறக்குறைய நாலு வருடத்துக்கு ஒருமுறை பாதியாக வெட்டுகிற ஹால்விங் அது. பிளாக்குக்கு 6.25 பிட்காயினாக இருந்த கூலி 3.125 ஆனது. ஹால்விங் வருகிறது என்று எனக்குத் தெரியும்தான். கூலி குறைவது அவனுக்கு, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். அதே பிளாக்கில்தான் ரூன்ஸ் என்ற புது டோக்கன் சமாச்சாரம் ஒன்றும் தொடங்கியது. முதல் ஆளாக நுழைய வேண்டும் என்று உலகமே முண்டியடித்தது. அந்த ஒரே பிளாக்கில் கட்டணமாக மட்டும் 37 பிட்காயினுக்கு மேல் மைனர் கைக்குப் போனது. கூலி மூணே சொச்சம், கட்டணம் முப்பத்தேழு! அன்றைய சராசரிக் கட்டணம் 100 டாலரைத் தாண்டியது. நான் வைத்த 1,600 ரூபாயை எவன் சீந்துவான்?

பத்து மணிக்கு நகைக்கடை அண்ணாச்சி போன் பண்ணினார். "தம்பி, கம்மல் ரெடி."

"பணம் வந்துக்கிட்டே இருக்கு அண்ணாச்சி."

"எங்க வருது, கயத்தாறு தாண்டிருச்சா?"

அவர் கேலியாகக் கேட்டாலும் கேள்வி சரியான கேள்விதான். பணம் எங்கேயும் வரவில்லை. மெம்பூல் என்கிற காத்திருப்புக் கொட்டகையில் லட்சக்கணக்கான பேரோடு அதுவும் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது.

அண்ணாச்சிக்கு நான் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் நூறு பஸ் எஞ்சினை உறுமவிட்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற பஸ் மைனர் மிஷின், கிளம்புகிற பஸ் பிளாக். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கல். குலுக்கலில் விழுந்த ஒரு பஸ் மட்டும் கிளம்பும், மற்ற தொண்ணூற்றொன்பதும் டீசல் எரித்ததுதான் மிச்சம். நாளைக்கு இன்னும் ஆயிரம் பஸ் வந்து நின்றாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்தான். எரிகிற டீசல் மட்டும் கூடும். மிஷின் கூடிப்போய் பிளாக்குகள் சீக்கிரம் சீக்கிரமாக வர ஆரம்பித்தால், 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, அதாவது ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை, நெட்வொர்க்கே கணக்குப் பார்த்துக் குலுக்கலைக் கடினமாக்கிவிடும். மிஷின் குறைந்தால் எளிதாக்கிவிடும். 2021-இல் சீனா மைனிங்கை விரட்டியபோது உலகத்து மிஷின்களில் பாதிக்குப் பாதி அணைந்தது. கொஞ்ச நாள் பிளாக்குகள் தாமதமாக வந்தன. ஜூலையில் கடினத்தன்மை சுமார் 28 சதவீதம் இறங்கியது, மறுபடியும் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். பாதி மிஷின் போனபோதும் இதே பஸ், திரும்பி வந்தபோதும் இதே பஸ். மச்சினனே, கேட்கிறதா?

அந்த ஒரு பஸ்ஸிலும் சீட்டு அளவு முன்கூட்டியே தீர்மானித்தது. 2010-இல், பிட்காயினை உருவாக்கிய சடோஷி என்கிற அந்த முகம் தெரியாத ஆள், குப்பையைக் கொட்டி எவனும் அடைத்துவிடக் கூடாது என்று பிளாக்குக்கு 1 எம்பி வரம்பு வைத்தார். 2017-இல் செக்விட் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து மூட்டையை மடக்கிக் கட்டுகிற மாதிரி இடத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். அவ்வளவுதான். யாரை ஏற்றுவது என்பது கண்டக்டர் இஷ்டம். கண்டக்டருக்கு இஷ்டம் என்றால் வேறென்ன, காசு. ஒரு பைட் இடத்துக்கு எவன் அதிகம் தருகிறானோ அவன் ஏறலாம். நீ எத்தனை மணியிலிருந்து நிற்கிறாய், வீட்டில் காதுகுத்தா கருமாதியா, அதெல்லாம் அவனுக்கு எதற்கு?

எங்கள் பக்கம் பழைய நாளில் மைனர் என்றால் மல் ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, சாராய வாடை, ஊரான் சொத்து. கூலிக்குக் குலுக்கல் நடத்துகிற இந்தக் கூட்டத்துக்கும் அதே பேரை வைத்தானே, வைத்தவன் வாயில் சர்க்கரை.

இதில் என் வயிறு எரிந்தது எங்கே தெரியுமா? அனுப்புகிற தொகைக்கும் கட்டணத்துக்கும் சம்பந்தமே இல்லை. நூறு கோடி ரூபாயை ஒரே உருப்படியாக வைத்திருப்பவன் மடியில் வைரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு சீட்டில் போய்விடுவான். எனக்கு வந்ததோ பதினாலு துண்டு. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கையெழுத்திட்டுக் காட்ட வேண்டும், ஒவ்வொன்றும் இடத்தைப் பிடிக்கும். பதினாலு சில்லறை மூட்டையோடு பஸ் ஏறப்போன கதை என் கதை. என் பரிமாற்றம் ஏறக்குறைய 1,000 பைட். சனிக்கிழமை காலை உச்சத்தில் பைட்டுக்கு 1,000 சடோஷிக்கு மேல் போனது. ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் அந்த ஆள் பேரேதான், சடோஷி. பெருக்கிப் பாருங்கள். 0.01 பிட்காயின். என்னிடம் இருந்ததே 0.009! கட்டணத்தை ஏற்றிக் கொடுத்தால் சீக்கிரம் போகும் என்று வாலட் காட்டியது. மொத்தப் பணத்தையும் கட்டணமாகக் கொடுத்து, மேற்கொண்டு கைக்காசும் போட்டால் என் பணம் போய்ச் சேருமாம். எந்தப் பணம்?

அப்புறம் இன்னொன்று. ஒரு பிளாக் வந்த அடுத்த சில நொடிகளில், உள்ளே யாரை ஏற்றுவது என்று பார்க்கக்கூட நேரமில்லாமல் சில மைனர் கூட்டணிகள் காலி பிளாக்கையே குலுக்கலுக்கு விட்டுவிடும். அதற்குப் பரிசு விழுந்தால் முழுக்கூலி உண்டு. கொட்டகையில் லட்சம் பேர் நிற்கும்போது ஒருத்தரையும் ஏற்றாமல் பஸ் காலியாகப் போகிறது, டிரைவருக்குச் சம்பளம் முழுசாக வருகிறது. நம் ஊரில் ஒரு டவுன் பஸ் இப்படி ஸ்டாப்பில் நிற்காமல் போயிருந்தால் மறுநாளே மறியல் நடந்திருக்கும்.

வெளியே தனியாகக் காசு வாங்கிக்கொண்டு "உங்களை முன்னால் ஏற்றிவிடுகிறோம்" என்று சொல்கிற முடுக்கிச் சேவையும் உண்டு. திருச்செந்தூரில் கட்டண தரிசன வரிசையாவது கோயில் பேரில் ரசீது போட்டு நடக்கிறது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விவரம் தெரிந்தவர்கள் அடிக்க வருவார்கள். பஸ்ஸைப் பெரிதாக்கக் கூடாது என்று மறித்தது மைனர்கள் இல்லை. 2015 முதல் 2017 வரை நடந்த சண்டையில் பெரிய மைனர்களில் நிறையப் பேர் பெரிய பிளாக்கைத்தான் கேட்டார்கள். சாதாரணக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனும் முழுக்கணக்கைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும், பிளாக் பெருத்தால் பெரிய முதலாளிகளால் மட்டுமே முடியும் என்று எதிர்த்தவர்கள் வேறு ஆட்கள். அந்த வாதத்தில் சத்து இருக்கிறது, மறுக்க மாட்டேன். 2017 ஆகஸ்ட் 1 அன்று பிட்காயின் கேஷ் என்று ஒரு கூட்டம் 8 எம்பி பஸ்ஸோடு பிரிந்தும் போனது. பஸ் பெரிதாக வந்தது, ஏறத்தான் ஆள் வரவில்லை.

ஆனால் கூலியைப் பாருங்கள். 2009-இல் 50, 2012-இல் 25, 2016-இல் 12.5, 2020-இல் 6.25, இப்போது 3.125. மொத்தம் 2.1 கோடி காயின்தான், 2140 வாக்கில் கூலி அடியோடு நின்றுபோகும். அதற்குப் பிறகு மைனர் எதைத் தின்பான்? கட்டணத்தை. கட்டணம் எப்போது ஏறும்? கொட்டகையில் கூட்டம் நெரிந்தால் ஏறும். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தால் ஏலத்தில் எவன் அதிகம் கேட்பான்? ஆக என் தலைவலிதான் அவன் சாப்பாடு, இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்கு முழுசாக. இதை நெரிசல் என்று சொன்னால் கோபப்படுகிறார்கள். கட்டணச் சந்தையாம், ஆரோக்கியமாக வளர்கிறதாம்!

அதே சனிக்கிழமை வெயிலில், தெருவோரம் பதநீர் விற்கிற ஆளுக்கு யுபிஐயில் 30 ரூபாய் அனுப்பினேன். நான் பனையோலைப் பட்டையைக் கீழே வைப்பதற்குள் அவர் பெட்டி "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்திவிட்டது. 2023 ஆகஸ்டில் யுபிஐ ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றத்தைத் தாண்டியது, நாளுக்கு 32 கோடிக்கும் மேல். பிட்காயினில் சாதாரணமாக நாலைந்து லட்சம். யுபிஐக்கு நடுவில் பேங்க் உண்டு, அரசாங்கம் உண்டு, நினைத்தால் நிறுத்தலாம், பிட்காயினை யாராலும் நிறுத்த முடியாது என்பார்கள். சரி. யாரும் நிறுத்தாமலேயே என் பணம் நின்றுபோயிருந்ததே, அதற்கு என்ன பேர்?

சாயங்காலம் வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் ரெண்டு வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். தங்கத்தை அடகு வைத்துத் தங்கம் வாங்கினேன். காதுகுத்தில் கம்மலை எல்லோரும் மெச்சினார்கள். என் தங்கச்சி மட்டும் மைனியின் வெறுங்கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

பணம் அடுத்த வாரம் ஒருநாள் நடுராத்திரி, கூட்டம் கலைந்த பிறகு போய்ச் சேர்ந்தது. விற்றபோது 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தார்கள். லாபம் இருந்தால் 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் மைனருக்கு அழுத காசுக்குக் கணக்கே கிடையாது. அடகுக்கடை வட்டி தனி.

இவ்வளவையும் கூடவே இருந்து பார்த்த மச்சினன்தான் இப்போது மிஷின் வாங்குவோம் என்கிறான். கூடங்குளம் நம்ம ஊர், ராதாபுரம் பக்கம் பூராவும் காற்றாலை, கரண்டுக்கா பஞ்சம் என்று கேட்கிறான். அணு உலை பக்கத்தில் இருக்கிறது என்று ராதாபுரத்துக்காரனுக்கு யூனிட் சல்லிசாகவா வருகிறது? அவன் சொல்கிற மாதிரி மிஷின் 3,250 வாட் இழுக்கும், ஒரு நாளைக்கு 78 யூனிட். வீட்டுக்கு ரெண்டு மாதத்துக்கு அரசு தருகிற 100 யூனிட் இலவசத்தை அது ஒன்றரை நாளுக்குள் குடித்துவிடும். மிச்ச ஐம்பத்தெட்டரை நாளுக்கு யார் பில் கட்டுவது, அவன் அக்காவா? அவளுடைய வளையலை மீட்கவே ஆறு மாதம் ஆயிற்று.

அந்த வாடிக்கையாளரிடம் இனிமேல் பேங்க் வழியாக, நாலைந்து வேலைக்குச் சேர்த்து மொத்தமாக அனுப்புங்கள் என்று எழுதினேன். கட்டாயம் செய்கிறேன் என்று பதில் போட்டார். இன்று காலை போன் கிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் 40 டாலர், பிட்காயினில்.