காய்ஞ்ச துணியோட கார் கண்ணாடி பக்கம் வராதீங்கய்யா!

ராத்திரி ஈசிஆர்ல வண்டி ஓட்டுறவங்களுக்குத்தான் இந்த எரிச்சல் புரியும். எதிர்ல ஒருத்தன் ஹைபீம் போட்டுக்கிட்டு வருவான். அவ்வளவுதான், முன் கண்ணாடி பூரா கோடு கோடா மின்னும். ரோடும் தெரியாது, குறுக்க வர்ற மாடும் தெரியாது. பகல்ல பாத்தா அதே கண்ணாடி பளிச்சுனு இருந்து தொலைக்கும்!

எல்லாம் அபார்ட்மென்ட்ல விடியக்காலைல நடக்கிற கார் துடைப்போட புண்ணியம். படிஞ்ச புழுதி மேலயே காய்ஞ்ச துணியைப் போட்டு வட்டம் வட்டமா ஒரு தேய். கேட்டா, "துணி மெத்துனுதானே சார் இருக்கு?" துணி ஒண்ணும் பண்ணாதுப்பா, அதுக்கு அடியில இருக்கிற மணல் பண்ணும்! ஒரு பொருள் எவ்வளவு கடினம்னு சொல்ற மோஸ் அளவுகோல்ல (நம்பர் கூடுனது குறைஞ்சதைக் கீறும்) கார் கண்ணாடி சுமாரா 5.5. மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் 7. எது எதைக் கீறும்னு சொல்லவா வேணும்? மிச்சத்தை நம்மாளுங்க முடிச்சு வைக்கிறாங்க: வாஷர்ல சொட்டுத் தண்ணி இல்லாம வைப்பரைப் போடுறது.

கீறல்தானே, மேலாப்புலதானேன்னு விடவும் முடியாது. கோட்டுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ள இறங்கியிருக்கும். கண்ணாடியோட பலத்தைக் கெடுக்கிறதே இந்தப் பொடி விரிசல்தான்னு கிரிஃபித்ங்கிற இங்கிலாந்து இன்ஜினியர் 1921லயே எழுதிட்டார். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கோடு கீறி, லேசா மடக்கி, 'டக்'குனு ஒடிக்கிறாரே, அதே சங்கதிதான்.

அடுத்தது யூடியூப் வைத்தியருங்க. டூத்பேஸ்ட் தடவணுமாம்! பல் எனாமலே மோஸ்ல 5தான். அதையே அரிச்சிடக் கூடாதுன்னு பாத்துப் பாத்து செய்ற பேஸ்ட், கண்ணாடியை எங்கய்யா தேய்க்கும்? நிஜமான பாலீஷுக்கு சீரியம் ஆக்சைடுங்கிற பொடி வேணும். அதுவும் ஆழமான கோடுன்னா, தேய்ச்ச இடம் பள்ளமாகி ரோடே நெளிஞ்சு தெரியும். புதுசா மாத்தலாம்னா இன்ஷூரன்ஸ்காரன் "தேய்மானத்துக்கு கிளெய்ம் கிடையாது சார்"ங்கிறான்.

துடைக்கிற தம்பி மேல எனக்குக் கோவமே இல்ல. அரை பக்கெட் தண்ணியைக் கொடுத்து அத்தனை காரையும் துடைன்னா அவன் என்ன செய்வான்? காருக்கு ஒரு பக்கெட் கொடுங்கன்னு குரூப்ல போட்டா, "தண்ணிப் பஞ்சம் தெரியாதா சார்?"னு செக்ரட்டரி பாடம் எடுக்கிறார். நீச்சல் குளத்தை ரொப்ப வர்ற லாரி மட்டும் எந்த ஊர்ல இருந்து வருதாம்?