931 ஜிபி எங்கிருந்து வந்தது?

புதிய ஹார்டு டிஸ்க்கைக் கணினியில் இணைத்தால், விற்கும்போது சொன்ன அளவைவிடக் குறைவாகவே காட்டும். அந்தக் குறையும் இடத்தை விண்டோஸ் தன் கோப்புகளுக்காக எடுத்துக்கொள்கிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரியன்று. எதுவும் நிறுவப்படாத வெளி டிஸ்க்கிலும் அதே குறைவு தெரிகிறது. சென்ற மாதம் மதுரை டவுன்ஹால் ரோட்டில் 1 டிபி, அதாவது 1000 ஜிபி, டிஸ்க் வாங்கிய என் தங்கை, திரையில் 931 ஜிபி என்று கண்டதும் ஏமாந்துவிட்டோம் எனக் கடைக்குத் திரும்பப் புறப்பட்டாள். அவளை நிறுத்தி, டிஸ்க்கின் விவரம் காட்டும் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து, அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு லட்சம் கோடியைச் சற்றே தாண்டிய பைட் கணக்கு இருப்பதைக் காட்டினேன்.

தயாரிப்பாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார். விண்டோஸோ 1024-ஐ மும்முறை பெருக்கி வரும் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. நீண்ட கையால் அளந்தால் மல்லிகைச் சரத்தில் முழம் குறையும், ஆனால் பூ ஒன்றும் உதிர்ந்திருக்காது. 1024 போல இரண்டின் அடுக்கில் எண்ணும் அளவுகளுக்கு, மின்தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் சர்வதேச ஐஇசி அமைப்பு 1998-இலேயே தனிப்பெயர்கள் வகுத்தும், விண்டோஸ் இன்னும் ஜிபி என்றே எழுதுவது எனக்கு வருத்தமே. மேக் கணினிகள் 2009 முதல் தயாரிப்பாளரைப் போலப் பத்தின் அடுக்கிலேயே காட்டுகின்றன.

2 டிபி டிஸ்க் 1.81 டிபி என்று காட்டினால் கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள், 1.5 என்று காட்டினால் அவசியம் கேளுங்கள்.