மூன்று மானிட்டருக்குக் கேமிங் கார்டு எதற்கு?

டேலி, எக்செல், ஜிஎஸ்டி தளம் மூன்றும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்க வேண்டும் என்கிறார் கணக்கு எழுதுகிறவர். ஒரு திரையில் சார்ட், இன்னொன்றில் ஆர்டர் என்று கேட்கிறார் பங்குச் சந்தைக்காரர். பக்கம் வடிவமைப்பவருக்கு ஒரு பக்கம் மூலப் பிரதி, மறுபக்கம் இன்டிசைன். மூவருக்கும் கடையில் எழுதித் தரும் கொட்டேஷன் ஏறக்குறைய ஒன்றுதான்: 8 ஜிபி கேமிங் கிராபிக்ஸ் கார்டு, அதற்குத் தோதாக 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), கண்ணாடிக் கதவு போட்ட கேபினட், உள்ளே நாலு கலர் ஃபேன். மிச்சப் பணத்தில் இருப்பதிலேயே விலை குறைந்த மூன்று மானிட்டர். இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பத்து மணி நேரம் கண் பார்த்துக்கொண்டிருக்கப் போவது மானிட்டரை. பணம் முதலில் அங்கே போக வேண்டும். கார்டு வாங்காமலே முடிந்தால் இன்னும் நல்லது, பல பேருக்கு அது முடியும்.

"மூணு மானிட்டர்னா கிராபிக்ஸ் மெமரி நிறைய வேணும் சார்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் எச்டி திரையில் 1920 × 1080 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட். பெருக்கினால் சுமார் 83 லட்சம் பைட், அதாவது 8 எம்பி சொச்சம். மூன்று திரைக்கும் சேர்த்து 25 எம்பி. 4கே திரை (3840 × 2160 புள்ளிகள்) என்றாலும் ஒன்றுக்கு 33 எம்பிதான். விண்டோஸும் பிரவுசரும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அதையும் சேர்த்தாலும் அலுவலக வேலைக்கு 8 ஜிபி கார்டு எந்த வகையிலும் தேவைப்படாது. அந்த 8 ஜிபி கேமுக்கு, வீடியோ எடிட்டிங்குக்கு, முப்பரிமாண வேலைக்கு. அதைச் செய்கிறவர்கள் தாராளமாக வாங்கட்டும்.

உண்மையில் எண்ண வேண்டியது இரண்டு. கிராபிக்ஸ் சிப் ஒரே நேரத்தில் எத்தனை திரையை ஓட்டும்? அதில் எத்தனை, பின்பக்கம் சாக்கெட்டாக வெளியே வந்திருக்கிறது? இன்டெலின் 12ஆம் தலைமுறை ஐ5-12400இல் உள்ளேயே யுஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கிறது. அது நான்கு திரை வரை ஓட்டும். அதே ப்ராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' சேர்ந்து 12400எஃப் ஆகிவிட்டால் உள் கிராபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று எஃப் வாங்கினால், மதர்போர்டின் எச்டிஎம்ஐ சாக்கெட்டில் எதைச் சொருகினாலும் கறுப்புத் திரைதான் வரும், கார்டு வாங்கியே தீர வேண்டும். ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600, 5600எக்ஸ் இரண்டிலும் உள் கிராபிக்ஸ் இல்லை. 5600ஜி-யில் உண்டு. ரைசன் 7000 டெஸ்க்டாப் வரிசையில் எஃப் தவிர மற்றவற்றில் சின்னதாக ஒன்று இருக்கிறது, அலுவலக வேலைக்கு அது போதும்.

அடுத்தது மதர்போர்டு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ப்ராசஸர் நான்கு திரை ஓட்டும், ஆனால் அடிமட்ட விலைப் போர்டில் பின்னால் இருப்பது ஒரு எச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ. அதற்குக் கொஞ்சம் மேலே போனால் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், விஜிஏ மூன்றும் இருக்கும் போர்டு கிடைக்கும். தனிக் கார்டு வாங்குவதை ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் சொற்பம். வாங்குமுன் போர்டின் பின்பக்கப் படத்தைப் பாருங்கள், பிறகு அதன் விவரப் பக்கத்தில் ஒவ்வொரு சாக்கெட்டும் எந்த அளவு வரை தரும் என்று படியுங்கள். எச்டிஎம்ஐ 1.4 என்று போட்டிருந்தால் 4கே திரை 30 ஹெர்ட்ஸில்தான் (நொடிக்கு 30 முறை படம் மாறும் வேகம்) ஓடும். 30 ஹெர்ட்ஸில் மவுஸ் அம்பு தண்ணீருக்குள் நகர்வது போல இழுக்கும், அரை நாளில் எரிச்சல் வந்துவிடும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். போர்டில் டைப்-சி துளை இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எல்லா டைப்-சியும் படம் அனுப்பாது, அந்த வசதி உண்டு என்று விவரப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும்.

உள் கிராபிக்ஸை நம்பும்போது ரேம் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. அது கணினியின் ரேமைத்தான் பங்கு கேட்கும். 16 ஜிபி ஒற்றைக் குச்சியைவிட 8 ஜிபி இரண்டு போட்டால் இரண்டு வழியாகவும் தகவல் ஓடும், படமும் தடங்கலின்றி வரும்.

கார்டு வாங்கியே ஆக வேண்டிய நிலை வரலாம். கையில் எஃப் ப்ராசஸர் இருக்கலாம், பழைய கணினியாக இருக்கலாம், நான்கு திரை வேண்டியிருக்கலாம். அப்போது கேமிங் வரிசையைத் தாண்டிப் பாருங்கள். என்விடியா டி400 கார்டில் மூன்று மினி டிஸ்ப்ளேபோர்ட், செலவு 30 வாட். டி600, டி1000 இரண்டிலும் நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட், முறையே 40, 50 வாட். எதற்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வேண்டாம், மதர்போர்டில் கார்டு சொருகும் ஸ்லாட் தரும் மின்சாரமே போதும். குட்டையான கார்டுகள் என்பதால், கம்பெனிகளிலிருந்து கழித்துவிட்ட ரீஃபர்பிஷ்டு ஒல்லி கேபினட்டிலும் உட்காரும். கார்டைக் கேபினட்டோடு திருகிப் பிடிக்கும் குட்டைத் தகடு பெட்டியில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், செகண்ட் ஹேண்டில் அதுதான் காணாமல் போயிருக்கும். மாறாக ஜிடி 1030 வாங்கினால் இரண்டு திரைதான். ஆர்எக்ஸ் 6400 நல்ல கார்டு, ஆனால் அதிலும் இரண்டு சாக்கெட்தான். ஜிடிஎக்ஸ் 1650 மூன்று ஓட்டும். கார்டின் பெயரும் மெமரியும் இதைச் சொல்லாது, சாக்கெட்டை எண்ணித்தான் ஆக வேண்டும்.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. ஏற்கெனவே இரண்டு சாக்கெட் கார்டு இருக்கிறது, ப்ராசஸரில் உள் கிராபிக்ஸும் இருக்கிறது என்றால் இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். கார்டு சொருகியதும் பல போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) போய் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' அல்லது 'ஐஜிடி மல்டி மானிட்டர்' என்று இருப்பதை 'எனேபிள்ட்' ஆக்குங்கள். சில போர்டுகளில் 'இன்டர்னல் கிராபிக்ஸ்' என்ற பெயரில் இருக்கும். மூன்றாவது மானிட்டரைப் போர்டில் சொருகினால் வேலை முடிந்தது. வீடியோ ஓடும் ஜன்னலை ஒரு சிப்பின் திரையிலிருந்து மற்றதன் திரைக்கு இழுக்கும்போது லேசாகத் திணறும். எக்செல்லுக்கு ஒன்றும் தெரியாது.

இனி, காசை வீணாக்கும் சின்னச் சாமான்கள். எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தைத்தான் இரண்டு திரையிலும் காட்டும். டிவி ஷோரூமுக்கு அது சரி, உங்களுக்குப் பயன்படாது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் ஒருவழிப் பாதை. கணினிப் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ என்றால் வேலை செய்யும். திருப்பிப் போட்டால் செய்யாது, அதற்கு மின்சாரம் வாங்கி ஓடும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேறு. யூஎஸ்பியிலிருந்து மானிட்டர் எடுக்கும் அடாப்டர்கள் படத்தைச் சுருக்கி அனுப்ப ப்ராசஸரின் உழைப்பை வாங்குகின்றன. அசையாத பக்கம் காட்டும் மூன்றாம் திரைக்கு ஒப்பேற்றலாம், வீடியோவுக்கும் வேகமாக மாறும் சார்ட்டுக்கும் வேண்டாம்.

டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. ஒரு மானிட்டரிலிருந்து அடுத்ததற்கு மாலை கோப்பது போல இணைக்கலாம், அல்லது எம்எஸ்டி ஹப் (ஒரே சாக்கெட்டிலிருந்து பல திரைக்குத் தனித்தனிப் படம் பிரித்துத் தரும் பெட்டி) வைத்துப் பிரிக்கலாம். மாலையாகக் கோக்க மானிட்டரிலேயே டிஸ்ப்ளேபோர்ட் 'அவுட்' இருக்க வேண்டும், விலை குறைந்த மாடல்களில் இருக்காது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2இல் பயனுக்கு வரும் வேகம் நொடிக்கு 17.28 ஜிகாபிட். 60 ஹெர்ட்ஸில் ஃபுல் எச்டி திரை ஒன்றுக்குச் சுமார் 3.3, 1440 வரித் திரைக்கு (2560 × 1440) சுமார் 5.8, 4கேவுக்குச் சுமார் 12.8 வேண்டும். ஆக ஒரே சாக்கெட்டில் ஃபுல் எச்டி நான்கு தாராளமாக, 1440 இரண்டு, 4கே ஒன்று. மேக் வைத்திருப்பவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம், மேக்ஓஎஸ் எம்எஸ்டியில் எல்லாத் திரையிலும் ஒரே படத்தைத்தான் காட்டும்.

மானிட்டருக்கு வருவோம். 24 இன்ச் ஃபுல் எச்டியில் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 92 புள்ளி. அதே ஃபுல் எச்டியை 27 இன்ச்சுக்கு இழுத்தால் 82 ஆகிவிடும். ஆங்கில எழுத்து அதைத் தாங்கும், தமிழ் எழுத்து தாங்காது. ன-வுக்கும் ண-வுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். சின்ன எழுத்தில் அந்தச் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி மேல்கோட்டோடு கரையும், மெய்ப்புத் திருத்துகிறவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பார். தமிழில் எழுதவும் திருத்தவும் மானிட்டர் வாங்குகிறவர்கள் 27 இன்ச் என்றால் 1440 வரியே வாங்குங்கள் (109 புள்ளி), பணம் பற்றாது என்றால் 24 இன்ச்சிலேயே நில்லுங்கள். 27 இன்ச் ஃபுல் எச்டி வேண்டவே வேண்டாம் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

மூன்றும் ஒரே மாடலாக, ஒரே நேரத்தில் வாங்குங்கள். வேறு வேறு பேனல் என்றால் ஒன்றில் வெள்ளை மஞ்சளடிக்கும், இன்னொன்றில் நீலமடிக்கும், எவ்வளவு திருகினாலும் முழுதாகச் சேராது. புள்ளி அடர்த்தி வேறுபட்டால் ஜன்னலை இழுக்கும்போது எழுத்து திடீரென்று பெருக்கும் அல்லது சிறுக்கும். ஹெர்ட்ஸ் வேறுபட்டால் (ஒன்று 60, ஒன்று 100) சில கார்டுகள் சும்மா இருக்கும்போதும் மெமரி வேகத்தைக் குறைக்காமல் சூடாகவே கிடக்கும், ஃபேன் ஓயாது. எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கும். நெட்டுக்குத்தாகத் திருப்பி வைக்கும் எண்ணம் இருந்தால் ஐபிஎஸ் பேனல் (எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) கட்டாயம். டிஎன் என்ற வேறு வகைப் பேனலைத் திருப்பினால், மேலிருந்து பார்க்கும்போது வெளிறும் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடும், இரண்டு கண்ணுக்கும் இரண்டு நிறம் தெரியும்.

மூன்று நான்கு மானிட்டருக்குப் பதில் 43 இன்ச் 4கே ஒன்று என்ற யோசனையும் நல்லதே. நான்கு 21.5 இன்ச் ஃபுல் எச்டி திரைகளை நடுவில் சட்டமில்லாமல் ஒட்டியதற்குச் சமம் அது. ஆனால் டிவியை வாங்கினால், கணினியிலிருந்து வரும் நிறத் தகவலை அது முழுதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து ஓரம் கலங்கித் தெரிந்தால் அது படிக்கிற வேலைக்கு ஆகாது.

மேசையை அளந்துவிட்டு வாங்குங்கள். 24 இன்ச் மானிட்டர் ஒன்றின் அகலம் சுமார் 54 செ.மீ. நான்கடி மேசையில் இரண்டுதான் நேராக நிற்கும். மூன்றுக்கு ஐந்தரை அடி வேண்டும். கை ஸ்டாண்டு போடுவதானால் மானிட்டரின் பின்னால் 75 அல்லது 100 மி.மீ. சதுரத்தில் நான்கு திருகுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், சில மலிவு மாடல்களில் இருக்காது. கேஸ் ஸ்ப்ரிங் கைக்கு அதிகபட்ச எடை போலவே குறைந்தபட்ச எடையும் உண்டு. மானிட்டர் அதைவிட லேசாக இருந்தால் கை தானாக மேலே எழும். பார்ட்டிக்கிள் போர்டு மேசையில் கிளாம்பை நேரடியாக முறுக்கினால் பலகை நொறுங்கும், மேலும் கீழும் இரும்புத் தகடு வைத்து முறுக்க வேண்டும்.

யாரும் பேசாத விஷயம் எர்த். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் வயர் இல்லாத வீட்டில் அவை சேர்ந்து கேபினட்டின் உடம்பில் 230இல் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு ஏற்றி வைக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆளுக்குச் சுள்ளென்று மட்டும் தெரியும். ஆனால் மானிட்டர் வேறொரு பிளக்கில் எர்த்தோடு இருந்து, நீங்கள் எல்லாம் ஓடும்போதே எச்டிஎம்ஐயைச் சொருகினால், அந்தக் கணத்தில் மின்னழுத்த வித்தியாசம் கேபிள் வழியாகச் சமமாகும். சாக்கெட்டின் பின்னால் இருக்கும் சிப் அதற்குப் பலியாகலாம். மூன்று மானிட்டர் என்றால் மூன்று மடங்கு வாய்ப்பு. மூன்று துளை பிளக் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள், மேல் துளைக்கு வயரே வராத வீடுகள் நிறைய. எலெக்ட்ரீஷியனை அழைத்து மீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸ்-நியூட்ரல் அளவுக்கே வர வேண்டும், எர்த்-நியூட்ரல் நடுவே ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கணினியும் எல்லா மானிட்டரும் ஒரே பிளக் போர்டிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். கேபிள் மாற்றும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

யுபிஎஸ்ஸுக்குப் பயப்பட வேண்டாம். 24 இன்ச் மானிட்டர் ஒன்று சுமார் 20 வாட். மூன்றுக்கு 60, கார்டில்லாத கணினி வேலையின்போது 80 முதல் 100. சாதாரண 600 விஏ யுபிஎஸ் இதைத் தாங்கும், சேமித்து மூடும் நேரம் தரும். மூன்று மானிட்டரும் பேட்டரி சாக்கெட்டில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில யுபிஎஸ்களில் ஒரு சாக்கெட் பேட்டரியோடு சேராமல் இருக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு வரும் முதல் புகார், சாப்பிட்டு வந்து பார்த்தால் எல்லா ஜன்னலும் ஒரே திரையில் குவிந்து கிடக்கிறது என்பது. டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர் ஆழ்ந்து உறங்கினால் அதை யாரோ பிடுங்கிவிட்டதாகக் கணினி நினைக்கும், ஜன்னல்களை மிச்சத் திரைக்கு மாற்றிவிடும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று போய், ஜன்னல் இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் 'ரிமெம்பர் விண்டோ லொகேஷன்ஸ்' கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டரின் சொந்த மெனுவில் 'டீப் ஸ்லீப்' இருந்தால் அணையுங்கள். அதன் பிறகும் கணினி விநோதமாக நடந்துகொண்டால், அதாவது அணைத்த பிறகும் லைட் எரிவது, ஆன் செய்தால் தொடங்க மறுப்பது என்று இருந்தால், டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைச் சந்தேகப்படுங்கள். தரமில்லாத கேபிள்களில், இணைக்கக் கூடாத 20ஆம் பின்னை இரண்டு முனையிலும் இணைத்திருப்பார்கள். அதன் வழியாக மானிட்டரின் 3.3 வோல்ட் கணினிக்குள் ஏறும். வெசா (VESA, டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் அமைப்பு) சான்று பெற்ற இரண்டு மீட்டர் கேபிளைப் போட்டால் அந்தத் தொல்லை நின்றுவிடும்.