திரும்பப் பெற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல்லாவரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் என் பழைய காரில் வந்துகொண்டிருந்தபோது, சிக்னலுக்காக நான் மிதித்த பிரேக் பெடல் எந்த எதிர்ப்பும் காட்டாமல் அடிவரை இறங்கியது. பக்கத்து இருக்கையில் என் மகள் இருந்தாள். முன்னால் ஒரு மாநகரப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. விட்டு விட்டு மூன்று முறை மிதித்தும் பெடல் மேலே வரவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை முழு பலத்துடன் இழுத்து, பேருந்துக்கு ஒரு முழம் பின்னால் வண்டியை நிறுத்தினேன். என் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

விஷயத்தைக் கேட்ட பலரும், "ஐம்பது வருஷத்து வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கத் தயாராக இல்லை. பழுதானது ஐம்பது ஆண்டு பழைய பாகம் அல்ல. எட்டு மாதங்களுக்கு முன்பு, உறை பிரிக்காத புதிய பெட்டியிலிருந்து எடுத்து, என் கண் முன்னாலேயே பொருத்தப்பட்ட வீல் சிலிண்டர் ரப்பர் கப், அதாவது சக்கரத்தின் பிரேக் சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் அடைக்கும் சிறு ரப்பர். அந்தக் குறிப்பிட்ட தொகுதி (பேட்ச்) ரப்பர்கள் குறைபாடுள்ளவை என்று அவற்றை விற்ற இங்கிலாந்து நிறுவனம் ஐந்து மாதங்களுக்கு முன்பே அறிவித்து, "திரும்பப் பெறுகிறோம்" என்று கடிதமும் அனுப்பியிருந்தது என்பதை அதன் பிறகு தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு உண்மையான ஆத்திரம் வந்தது. ஐந்து மாதங்களாக நான் அந்த வண்டியில் என் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன், மகளைப் பாட்டு வகுப்பில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், ஒரு முறை செங்கல்பட்டு வரை போய் வந்திருக்கிறேன். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு மட்டும் தெரியவில்லை.

வண்டி 1969ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், என் தந்தை வாங்கியது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூர் வண்டலூர் பகுதியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரித்தது. அந்தத் தொழிற்சாலையை 1980களின் இறுதியில் மூடிவிட்டார்கள். டிரையம்ஃப் என்ற பெயரில் கார் வருவதும் 1984இல் நின்றுபோனது. எனவே, இன்று இந்த வண்டிக்குப் பொறுப்பேற்கும் உற்பத்தியாளர் என்று உலகத்தில் எவரும் இல்லை. பிரேக் ரப்பர் வேண்டுமென்றால், பழைய வண்டிகளுக்கென்றே மறு உற்பத்தி செய்து விற்கும் நிறுவனங்களைத்தான் நம்ப வேண்டும். அவர்கள் வேறொருவரிடம் செய்து வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். நான் மலிவுக்கு ஆசைப்பட்டுப் புதுப்பேட்டையில் எவரோ கழற்றிப் போட்டதைப் பொறுக்கி வரவில்லை என்பதை அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன். இறக்குமதி செய்யும் கடையில், கேட்ட விலையைக் கொடுத்து, புதியதைத்தான் வாங்கினேன்.

இது அலட்சியப்படுத்தக்கூடிய சின்ன ரப்பர் அல்ல என்பதை, இந்த வண்டிகளின் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தவர்கள் உடனே உணர்வார்கள். இன்றைய கார்களில் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாய்களில் தள்ளும் உருளை, இரட்டை அறை கொண்டது. ஒரு பாதையில் ஆயில் கசிந்து அழுத்தம் போனாலும், மற்றப் பாதையில் இணைந்த சக்கரங்களாவது பிடிக்கும். அமெரிக்காவில் 1968 முதலே புதிய கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் ஹெரால்டில் இருப்பது ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே பாதை, நான்கு சக்கரங்களுக்கும் அதிலிருந்தே கிளை பிரியும் குழாய்கள். நான்கில் ஏதேனும் ஒரு சக்கரத்தில் உள்ள கப் வழிவிட்டால், மிதிக்கும் ஒவ்வொரு மிதியிலும் ஆயில் அந்தப் பலவீனமான இடத்தின் வழியாகவே வெளியேறும். மற்ற மூன்று சக்கரங்களிலும் அழுத்தம் ஏறவே ஏறாது. அப்போது மிஞ்சுவது பின்சக்கரங்களைக் கம்பி மூலம் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் மட்டுமே. அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

மெக்கானிக் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் காரணம் வெளிப்படையாகத் தெரிந்தது. கப் ஊறிப்போய், விரலால் அழுத்தினால் பசை போலக் குழைந்தது. அதன் உதட்டு விளிம்பு மடங்கி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கிளைக்கால் அடிப்படையிலான டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலில் பல ஆண்டுகள் கிடந்தாலும் தாங்கும்படியான ரப்பர் கலவையில்தான் இந்தக் கப்களைச் செய்ய வேண்டும். கலவை தவறினால் ரப்பர் ஆயிலைக் குடித்து வீங்கி, பிறகு மென்மையாகி, சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும் வலிமையை இழந்துவிடும். கண்ணால் பார்த்தால் நல்ல கப்புக்கும் கெட்ட கப்புக்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு. இந்தக் கசிவு தொடக்கத்தில் டிரம்முக்குள்ளேயே தேங்கி, டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டையான லைனிங்கில் ஊறுவதால், தரையில் ஒரு சொட்டுக்கூடக் காட்டாது. காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நான் வெளியே எடுப்பேன். அன்றும் பார்த்தேன், தரை உலர்ந்திருந்தது.

வேறொரு ஹெரால்ட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "அந்தத் தொகுதியைத் திரும்பக் கேட்டிருந்தார்களே, உங்களுக்கு வரவில்லையா?" என்று தொலைபேசியில் கேட்டார். அவர் நேரடியாக இங்கிலாந்திலிருந்து வரவழைத்தவர். அவருக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் உள்ளூர்க் கடையில் வாங்கியவன், எனக்கு வரவில்லை. கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கும் இறக்குமதியாளரிடமிருந்து ஏதோ தகவல் வந்ததாம். கடையில் எஞ்சியிருந்த மூன்று பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். விற்றுப்போனவை என்ன ஆயின என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. "வாங்கினவங்க பேரெல்லாம் யாரு சார் எழுதி வெச்சிருக்காங்க?"

என் பெயர் அவரிடம் இருந்தது. ரசீது போட்டபோது பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த ரசீதின் என் பிரதி இன்றும் என் கோப்பில் இருக்கிறது. அதன் பிறகு தீபாவளித் தள்ளுபடிக்கும் பொங்கல் தள்ளுபடிக்கும் தவறாமல் அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்தது. தள்ளுபடியைச் சொல்லக் கிடைத்த எண், பிரேக் போய்விடும் என்று எச்சரிக்க மட்டும் ஏன் கிடைக்கவில்லை? அலமாரியில் இருந்த மூன்று பெட்டிகளைத் திருப்பினால் அவர் கட்டிய பணம் அவருக்குத் திரும்ப வரும். என் சக்கரத்துக்குள் இருந்த கப்பைத் திருப்பினால் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை. இதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் கூடியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி உற்பத்தியாளருக்கு மத்திய அரசு உத்தரவிட அது அதிகாரம் தருகிறது. குறை ஒரு பாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் பொருத்தப்பட்ட வாகனங்கள் அனைத்தையும் திரும்பப் பெறச் சொல்லலாம். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகளும் நடைமுறைக்கு வந்தன. உற்பத்தியாளர் தாமாக முன்வராமல் அரசு கட்டாயப்படுத்த நேர்ந்தால், 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்த விதிகள் 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு மட்டுமே. எட்டாவது ஆண்டிலேயே வெளியே தள்ளப்படும் ஏற்பாட்டில், 1969ஆம் ஆண்டு வண்டிக்கு எங்கே இடம்? உதிரிபாகத்தை மட்டும் தனியாக விற்றவர், அதை வாங்கியவரைத் தேடிப் பிடித்துச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் அந்த விதிகளில் இல்லை.

அரசுக்கு எங்கள் வண்டிகள் கண்ணில் படவில்லை என்றும் சொல்ல முடியாது. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கென்று 2021 ஜூலையில் தனி விதிகளையே வெளியிட்டார்கள். பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய், எண்பலகையில் விஏ என்ற எழுத்துகள் என்று எல்லாவற்றையும் வரையறுத்தார்கள். பலகையில் எந்த எழுத்து வர வேண்டும் என்று யோசித்தவர்கள், அந்த வண்டியை நிறுத்தும் ரப்பர் எங்கிருந்து வருகிறது, அது தவறினால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி யோசித்திருக்கக் கூடாதா?

வேறு நாடுகளில் இதை முடியாத காரியமாக யாரும் நினைக்கவில்லை. இங்கிலாந்தில் அரசின் இணையதளத்திலேயே வாகனம் மட்டுமல்லாமல் உதிரிபாகமும் துணைப்பொருளும் திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் தனியாக விற்கும் மாற்றுப் பாகங்களுக்கும் திரும்பப் பெறும் சட்டம் பொருந்தும். அறிவிப்பு வந்த பிறகு அந்தப் பாகத்தை விற்பதே அங்கே சட்டவிரோதம். இங்கேயும் வழி அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பொருட்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தருகிறது. பொருளால் தீங்கு நேர்ந்து, செய்தவர் யாரென்றே தெரியாவிட்டால், விற்றவரே பொறுப்பேற்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பு, தீங்கு நேர்ந்த பிறகு இழப்பீடு கேட்டு அலைவதற்கான வழி. பேருந்தின் பின்புறத்தில் என் மகள் மோதியிருந்தால், எந்த ஆணையம் வந்து எதை ஈடு செய்திருக்கும்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தொகுதி எண்ணைக் கிழித்தெறியும் பெட்டியில் மட்டும் அச்சிடாமல், ரப்பரின் மேலேயே பதிக்க வேண்டும். பெட்டி குப்பைக்குப் போன பிறகு, என் சக்கரத்துக்குள் இருப்பது எந்தத் தொகுதி என்று கண்டுபிடிக்க எவராலும் முடியாது. நான் பெட்டியை எடுத்து வைத்திருந்ததால்தான் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பிரேக், ஸ்டியரிங் ஆகிய இரண்டுக்கும் உரிய பாகங்களை விற்கும் கடை, ரசீதில் தொகுதி எண்ணையும் வாங்கியவர் எண்ணையும் எழுதி, அறிவிப்பு வந்த அன்றே ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் ரசீது போடும்போது மாத்திரையின் தொகுதி எண்ணை எழுதுகிறார்களே, அந்தப் பழக்கம் பிரேக்குக்கு மட்டும் ஏன் சுமையாகத் தோன்றுகிறது? விற்ற நிறுவனமோ, எத்தனை பெட்டிகள் விற்றோம், அவற்றில் எத்தனை உண்மையில் திரும்பி வந்தன என்ற இரண்டு எண்களையும் வெளியிட வேண்டும். கடிதம் அனுப்பியதையே கணக்கில் வைத்துக்கொண்டு "திரும்பப் பெற்றுவிட்டோம்" என்று சொல்வது பொய். நான் எழுதிய மூன்று மின்னஞ்சல்களுக்கு, புதிய கப்கள் அடங்கிய கிட் ஒன்றை இலவசமாக அனுப்புவதாக ஒரே ஒரு வரி பதில் வந்தது. அனுப்பும் செலவையும் சுங்கத்தையும் நானே ஏற்க வேண்டுமாம்.

இப்போது வண்டி நான்கு மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. நான்கு சக்கரங்களின் சிலிண்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் பிரித்தாகிவிட்டது; எல்லாக் கப்களையும் மாற்றி, ஊறிப்போன லைனிங்கையும் மாற்றி, முழு ஆயிலையும் வடித்து, குழாயில் புகுந்த ஏரை எடுத்த பிறகே சாலைக்கு எடுப்பேன். கடந்த ஓராண்டுக்குள் பழைய வண்டிக்கு வீல் சிலிண்டர் கிட் போட்டவர்கள், இன்றே டிரம்மைக் கழற்றி, சிலிண்டர் முனையில் இருக்கும் தூசு உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தாலும், மாஸ்டர் சிலிண்டர் தொட்டியில் ஆயில் மட்டம் ஒரு விரல் அளவு குறைந்திருந்தாலும், பெடல் வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து பிடித்தாலும், மெக்கானிக் கடை வரைகூட அந்த வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள். அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.