ஃபெயாரிங்கைக் கழற்றினால் ஸ்ட்ரீட்ஃபைட்டர் வந்துவிடாது

கொழும்பில் ஃபெயாரிங் (காற்றைத் தடுக்கிற பிளாஸ்டிக் மூடி) இல்லாத பைக் எல்லாவற்றையும் ஸ்ட்ரீட்ஃபைட்டர் என்றே சொல்லி விற்கிறார்கள். யமஹா எஃப்இசட், பல்சர் என்எஸ்200, எம்டி-15 மூன்றுக்கும் ஒரே பட்டம். எனக்கு இதில் உடன்பாடு கொஞ்சமும் இல்லை. ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றின் வயிற்றில் பிறந்ததா என்று பார்த்துத்தான் அந்தப் பெயரை வைக்க வேண்டும்.

1980களில் ஐரோப்பாவில் ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று விழுந்து நொறுங்கினால், பிளாஸ்டிக் மாற்றுவதற்கே பெரும் செலவு. ஆகவே உடைந்ததைக் கழற்றி வீசிவிட்டு, கிளிப்-ஒன் (முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் மாட்டும் தாழ்ந்த ஹேண்டில்) இருந்த இடத்தில் அகலமான நேர் ஹேண்டிலும், கையில் கிடைத்த ஹெட்லைட்டும் பூட்டி ஓடினார்கள். எஞ்சின், ஃபிரேம், ஃபோர்க், பிரேக் எல்லாம் பழையபடியே. கம்பனிகள் பிறகுதான் அந்த வழிக்கு வந்தன. ட்ரையம்ஃப் 1997இல் இரண்டு உருண்டைக் கண்களோடு ஸ்பீட் ட்ரிப்பிள் டி509ஐ விட்டது. 2020இல் வந்த டுகாட்டி ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4இல் இருப்பது ஸ்போர்ட்ஸ் பைக்கான பனிகாலே வி4இன் 1103 சிசி எஞ்சின், 208 குதிரைவலு. ஃபெயாரிங் போய் ஹேண்டிலும் உயர்ந்தால் முன்சில்லு லேசாகிவிடும். அதைக் கீழே அழுத்தத்தான் இறக்கைகள் வைத்தார்கள்: 270 கிமீ வேகத்தில் பைக்கின் மேல் மொத்தம் 28 கிலோ அழுத்தம்.

இப்போது நம் வீதிக்கு வருவோம். எம்டி-15 இந்தச் சோதனையில் தேறும். யமஹாவின் ஸ்போர்ட்ஸ் பைக்கான ஆர்15 மூன்றாம் பதிப்பின் டெல்டாபொக்ஸ் ஃபிரேம், அதே 155 சிசி எஞ்சின், 7400 ஆர்பிஎம்மில் மாறுகிற விவிஏ (வால்வு திறப்பை மாற்றும் அமைப்பு). ஆனால் 2019 இந்தியப் பதிப்பில் இருப்பது சாதாரண ஃபோர்க். 37 மிமீ தலைகீழ் ஃபோர்க்கும் பின்சில்லைத் தாங்கும் அலுமினிய ஸ்விங்ஆர்மும் 2022 பதிப்பில்தான். வாங்கும்போது பெயரை விட்டு இதைப் பாருங்கள். என்எஸ்200 வந்தது 2012இல், ஃபெயாரிங் போட்ட ஆர்எஸ்200 2015இல். கேடிஎம் டியூக் 200க்கும் ஃபெயாரிங் போட்ட ஆர்சி 200க்கும் அதே வரிசை. அங்கே பிள்ளை முதலில், தாய் பிறகு! எஃப்இசட்டுக்கு ஸ்போர்ட்ஸ் பைக் தாயே கிடையாது. நல்ல நேக்கட் (ஃபெயாரிங் இல்லாத) பைக், அவ்வளவுதான்.

நம் நாட்டில் அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே ஃபெயாரிங்குக்குக் கொழும்பில் பெரிய வேலை இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஸ்போர்ட்ஸ் பைக்கை நேக்கட்டாக மாற்றுவது அரை நாளில் கழற்றிப் பூட்டுகிற வேலை இல்லை.

பெரிய பிழை ஹேண்டிலில் நடக்கிறது. கிளிப்-ஒன் ஃபோர்க் குழாயையே பிடிக்கும். அந்தக் குழாய்களின் மேல்முனையைப் பிடிக்கும் மேல் பிளேட்டில் ஹேண்டிலுக்கு இடமே இராது. அந்த வார்ப்பு அலுமினியத்தில் துளை போட்டு ரைசர் (ஹேண்டிலைத் தாங்கும் பிடி) பூட்டினால், துளையைச் சுற்றி வெடிப்பு விழலாம். ஹேண்டிலுக்கென்றே செய்த மேல் பிளேட்டைத் தேடி வாங்குங்கள். ரைசர் பிடிக்கும் விட்டம் 22 மிமீயா 28.6 மிமீயா என்று அளந்த பிறகே ஹேண்டில் எடுங்கள். 28.6இலும் கைபிடிக்கும் முனை 22தான், அதனால் பழைய லீவர்களே பொருந்தும்.

ஹேண்டில் உயர்ந்தால் பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், த்ரொட்டில் கேபிள் எல்லாம் நீளம் போதாமல் போகலாம். முன்சில்லைத் தூக்கி, ஃபோர்க் முழுதாக நீண்ட நிலையில், இடம் வலம் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஹோஸ் விறைத்தால் நீளமானது போட வேண்டும். ஹோஸைப் பூட்டும் பேஞ்சோ போல்ட்டுக்கு இரண்டு புதுச் செப்பு வாஷர். பழையதை இறுக்கினால் டொட் 4 பிரேக் எண்ணெய் கசியும். பிறகு எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு ஹேண்டிலைத் திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது. பொரளைச் சந்தியில் யூ-டேர்ன் அடிக்கும்போது பைக் தானாகப் பாயும் என்று அர்த்தம். டாங்கிக்கும் கைபிடிக்கும் நடுவில் ஒரு விரலாவது போக வேண்டும், இல்லாவிட்டால் கட்டைவிரல் நசியும்.

அடுத்தது மழை. ஃபெயாரிங்குக்குள் ஒளிந்திருந்த ஒயர் சொக்கெட்டுகள் வெளியே வந்துவிடும். மரைன் டிரைவ் உப்புக்காற்றில் அவை பச்சை பிடிக்கும். பிறகு ஹெட்லைட் மினுங்கும், மீட்டர் செத்துச் செத்துப் பிழைக்கும். ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் பூசி, எல்லாவற்றையும் ஹெட்லைட்டுக்குப் பின்னால் வாய் கீழ்நோக்கி இருக்கக் கட்டுங்கள். ரேடியேட்டர் திறந்திருந்தால் குளிரும் என்று நினைக்காதீர்கள். சில பைக்குகளில் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுப்பதே அந்தப் பக்க பிளாஸ்டிக்தான். காலி வீதி நெரிசலில் ஃபேன் ஓய்வில்லாமல் ஓடினால் காரணம் அங்கே இருக்கலாம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. இடையில் விழுந்த பைக்குகள் பல பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைச் சாமானோடு நேக்கட்டாக மாறி விற்பனைக்கு வருகின்றன. ஹேண்டிலைக் கடைசிவரை திருப்பி, ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே, அதற்கு மேல் திரும்பாமல் தடுக்கும் ஸ்டொப்பரை டோர்ச் அடித்துப் பாருங்கள். அது மடங்கியிருந்தாலோ, அங்கே மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தாலோ, விலை பேசாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.