ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளையின் உயரத்தை யார் பார்க்கிறார்கள்?

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம், அதாவது சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் கசியவிடும் நோய், உள்ள பிள்ளைகளின் வீட்டில் ஒரு நோட்டு இருக்கும். காலைச் சிறுநீரில் புரதம் எவ்வளவு, அன்றைக்கு எத்தனை மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை என்று எழுதி வருவோம். என் மகனுக்கும் உண்டு. நோய் அடங்கியதா, திரும்பியதா என்று அது சொல்லிவிடும். மருந்து பிள்ளையை என்ன செய்கிறது என்று எழுத மட்டும் அதில் இடமே இல்லை. அந்த இடம் வேண்டும் என்கிறேன்.

கன்னம் உப்புவதும் ஓயாத பசியும் எல்லார் கண்ணிலும் படும். உயரம் தேங்குவது அப்படிப் படாது. எடை ஏறிக்கொண்டே இருப்பதால் பிள்ளை நன்றாக வளர்வதாகவே தோன்றும். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் பட நிறுத்தி, சில மாதங்களுக்கு ஒரு தடவை அளந்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தால்தான் கோடு படுத்துவிட்டது தெரியும். ஒரே ஒரு தடவை அளந்து பயனில்லை.

கண்ணும் அப்படித்தான். ஸ்டீராய்டால் வரும் புரை லென்ஸின் பின்பக்கம் தொடங்கும். பார்வை மங்குகிறது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. கண் அழுத்தம் கூடினாலும் பெரும்பாலும் வலிக்காது. வருடத்துக்கு ஒரு முறையாவது கண் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை பிள்ளையின் கைக்கு ஏற்றதா என்று கேளுங்கள். பெரியவர்களுக்கானதைச் சுற்றினால் அளவைக் குறைத்துக் காட்டும். முதுகு வலிக்கிறது என்றால் புத்தகப் பையின் கனம் என்று விட்டுவிடாதீர்கள், எலும்பு வலுவிழந்து முதுகெலும்பு அமுங்கியிருக்கலாம்.

இதைப் படித்துவிட்டுப் பயந்து தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் கொடுத்தாலே, உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் திடீரென நிறுத்தினாலோ, வாந்தியில் மாத்திரை தங்காமல் போனாலோ உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் நாளில் எவ்வளவு கூட்டுவது, எப்போது ஊசிக்கு ஓடுவது என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், பக்கத்தில் யாருக்காவது சின்னம்மை என்றால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சிறுநீரக மருத்துவர் புரதத்தைப் பார்க்கிறார். மற்றதை அவர் பார்ப்பார் என்று குழந்தை மருத்துவர் நினைக்கிறார். நடுவில் பிள்ளையின் உயரமும் கண்ணும் யார் கணக்கிலும் வருவதில்லை. எதை, எப்போது, யார் பார்ப்பது என்பதை முதல் மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரவேண்டும். எழுதாவிட்டால் எழுந்து வராதீர்கள், கேட்டு வாங்குங்கள்.